சேலத்திலும் ஏற்காட்டிலும் அரசியல் நிகழ்த்துகலை நடத்துவது எப்படி: அனுமதி, செலவு, நாள்கணக்கு

எங்கள் நிகழ்வு மொத்தம் ஐம்பது நிமிடம். அதற்காக அலைந்தது நாற்பத்தொரு நாள். எந்த மேசையில் எந்தத் தாளை வைக்க வேண்டும், யாருடைய எல்லை எங்கே முடிகிறது என்று முன்பே தெரிந்திருந்தால் பதினைந்து நாளில் முடிந்திருக்கும். சேலத்தில் இந்தக் கலையைச் செய்ய நினைக்கும் இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். பாதி வழியில் மனம் விட்டுப்போய் நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நிகழ்த்துகலை என்றதும் பலரும் வீதி நாடகத்தையோ தெருக்கூத்தையோ நினைக்கிறார்கள். இதில் கதாபாத்திரம் இல்லை, வசனம் பெரும்பாலும் இல்லை. ஒரு உடல், ஒரு இடம், ஒரு குறிப்பிட்ட நேரம், ஒரு செயல். பார்க்க வந்தவரும் அந்தச் செயலுக்குள் வந்துவிடலாம். அலுவலகங்களில் உங்களிடம் கேட்கப்படும் முதல் கேள்வியே "இது என்ன, நாடகமா, ஆர்ப்பாட்டமா?" என்பதாகத்தான் இருக்கும். அதற்கு ஒரே மூச்சில் பதில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

1. கனவை ஒரே செயலாகச் சுருக்குங்கள்

இலட்சிய உலகம் என்று தொடங்கினால் எல்லாவற்றையும் உள்ளே போடத் தோன்றும். சாதி ஒழிய வேண்டும், ஆறு சுத்தமாக வேண்டும், கல்வி இலவசமாக வேண்டும். நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். ஒரு நண்பர் வீட்டு மொட்டை மாடியில் தெருக்காரர்களைக் கூட்டி ஒத்திகை பார்த்தபோது, எங்கள் கனவுகளை வரிசையாக அறிவித்தோம். நான்காவது நிமிடத்திலேயே ஆட்கள் எழுந்து போகத் தொடங்கினார்கள். நம் கனவை அவர்கள் மேல் வாசித்தால் அது மேடைப்பேச்சு. மேடைப்பேச்சை இந்த ஊர் போதும் போதும் என்ற அளவுக்குக் கேட்டிருக்கிறது.

அப்புறம் மாற்றியமைத்தோம். ஒரு முக்காலி. அதைச் சுற்றி சுண்ணாம்புக் கட்டியால் ஒரு வட்டம். முக்காலியில் ஏறுகிறவர் ஒரு நிமிடத்துக்கு இந்த ஊரின் தலைவர். அவர் ஒரே ஒரு ஆணை இடலாம். ஆணை இட்டதும் அடுத்த ஒரு நிமிடம் எங்களில் மூன்று பேர் அந்த ஆணை நிறைவேறிவிட்ட ஊரை உடலால் செய்து காட்டுவோம். இன்னொருவர் அந்த ஆணையை இருபது மீட்டர் காடாத் துணியில் எழுதிக்கொண்டே போவார். இன்னொருவர் நேரம் பார்ப்பார். அவ்வளவுதான்.

இந்த யோசனைக்கு முன்னோடிகள் உண்டு. கியூபக் கலைஞர் தானியா புருகேரா 2009-இல் ஹவானாவில் ஒரு மேடையும் ஒலிவாங்கியும் வைத்து, யார் வேண்டுமானாலும் ஏறி ஒரு நிமிடம் தணிக்கை இல்லாமல் பேசலாம் என்று விட்டார். பிரேசிலின் அகஸ்டோ போவால், பார்வையாளரையே மேடைக்கு அழைத்துக் காட்சியை மாற்றச் சொன்னவர். 1993 முதல் 1996 வரை ரியோ டி ஜெனிரோ நகர மன்ற உறுப்பினராக இருந்தபோது, அதே முறையில் மக்களிடமிருந்து சட்ட யோசனைகளைத் திரட்டினார். எங்கிருந்து எடுத்தீர்கள் என்பதைக் குழுவுக்குள்ளும் வெளியிலும் சொல்லிவிடுவதுதான் நேர்மை.

உங்கள் செயலை இரண்டு வாக்கியத்தில் ஒரு டீக்கடைக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். அவர் திருப்பிச் சொல்ல முடிந்தால் காவல் நிலையத்திலும் சொல்ல முடியும்.

2. இடம்: யாருடையது என்று முதலில் கண்டுபிடியுங்கள்

இதில்தான் எங்களுக்குப் பன்னிரண்டு நாள் போயிற்று. ஒரு இடம் மக்கள் புழங்கும் இடமாக இருப்பதாலேயே அது பொது என்று ஆகிவிடாது. பூங்கா மாநகராட்சியுடையதாக இருக்கும், அதன் முன்னால் இருக்கும் சாலை நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருக்கும், பக்கத்துத் திடல் கோயிலுடையதாக இருக்கும். தவறான அலுவலகத்தில் மனு கொடுத்தால் அவர்கள் வேண்டாம் என்று சொல்ல மாட்டார்கள். வாங்கி வைத்துக்கொள்வார்கள். பத்து நாள் கழித்துப் போனால்தான் "இது எங்க இடம் இல்லீங்களே" என்பார்கள்.

சேலம் மாநகராட்சிக்குச் சூரமங்கலம், அஸ்தம்பட்டி, அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டி என்று நான்கு மண்டலங்கள். உங்கள் இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்பதை முதல் நாளே அந்த வார்டின் துப்புரவு மேற்பார்வையாளரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாத எல்லை இல்லை. கட்டணம் இருந்தால் ரசீது போட்டுத்தான் வாங்குவார்கள். ரசீது தராமல் யாராவது கேட்டால் கொடுக்காதீர்கள்.

கோட்டை மைதானம், போஸ் மைதானம் போன்ற இடங்கள் கூட்டத்துக்குப் பழகியவை. காவல் துறைக்கும் அங்கே என்ன ஏற்பாடு செய்வது என்று தெரியும். முதல் முறை செய்கிறவர்களுக்கு அதுவே நல்லது. ஆனால் ஒரு குறை: அங்கே நின்றாலே ஆர்ப்பாட்டம் என்று நினைத்துப் பாதிப் பேர் ஒதுங்கிப் போவார்கள். பழைய பேருந்து நிலையம் பக்கம் ஆள் நடமாட்டம் அதிகம், ஆனால் போக்குவரத்துக்கு இடையூறு என்ற ஒரே வரியில் மனு திரும்பிவிடும். நாங்கள் கடைசியில் மைதானத்தையே எடுத்துக்கொண்டு, அதன் ஓரத்தில், மக்கள் குறுக்கு வழியாக நடந்து போகும் தடத்துக்குப் பக்கத்தில் வட்டம் போட்டோம். வீட்டுக்குப் போகிறவர்கள் கண்ணில் பட வேண்டும். அதுதான் வேண்டியிருந்தது.

மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் இவற்றைச் சுற்றி 100 மீட்டரை, ஒலிபெருக்கி வைக்கக் கூடாத அமைதி மண்டலமாக அறிவிக்கலாம் என்பது மத்திய அரசின் 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. நகரின் நடுவில் இருக்கும் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையை மனதில் வைத்து இடத்தைத் தேர்ந்தெடுங்கள். ஒலிபெருக்கியே வேண்டாம் என்று முடிவெடுத்தால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

3. தேதி

ஆடி மாதத்தில் சேலத்தில் எதுவும் வைக்காதீர்கள். கோட்டை மாரியம்மன் திருவிழா தொடங்கிவிட்டால் நகரத்தின் போலீஸ் முழுவதும் பந்தோபஸ்தில் இருக்கும். உங்கள் மனுவைப் படிக்கக்கூட ஆள் இருக்காது. (ஆனால் நிகழ்த்துகலை செய்கிறவர்கள் அந்த மாதம் குகை, செவ்வாய்ப்பேட்டைப் பகுதிகளில் நடக்கும் வண்டி வேடிக்கையைக் கட்டாயம் போய்ப் பாருங்கள். சாமி வேடமிட்டவர்கள் அலங்கார வண்டியில் அசையாமல் நிற்கிறார்கள், தெருவே அவர்களைச் சுற்றி நகர்கிறது. ஒரு உடல் அசையாமல் நின்றே கூட்டத்தைக் கட்டிப்போடுவது எப்படி என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.)

குடியரசு தினம், சுதந்திர தினத்துக்கு முந்தைய வாரம், பெரிய தலைவர்கள் வரும் நாள்கள், தேர்தல் நடத்தை விதி அமலில் இருக்கும் காலம் இவையும் வேண்டாம். எங்கள் முதல் தேதி ஒரு தலைவர் வருகையால் முந்தின நாள் மாலை ரத்தாயிற்று. வாடகைக்குப் பேசிய ஒலிப்பெட்டிக்குக் கொடுத்த முன்பணம் திரும்பி வரவில்லை. அதனால் மனுவிலேயே இரண்டு தேதி எழுதுங்கள், முதல் தேதி, மாற்றுத் தேதி என்று. எங்கள் இரண்டாவது மனுவில் செய்த இந்தச் சின்ன மாற்றம்தான் எங்களைக் காப்பாற்றியது.

பொங்கல் கழிந்து, பிப்ரவரி இரண்டாம் வாரத்துக்கு மேல் மார்ச் முதல் வாரம் வரை நல்ல காலம். வெயில் ஏறியிருக்காது, மழை இருக்காது. ஏப்ரல், மேயில் மாலை நான்கு மணிக்கும் தரை கொதிக்கும். வெறுங்காலில் செய்யும் நிகழ்வாக இருந்தால் நினைத்தும் பார்க்காதீர்கள்.

4. மனு

சேலம் மாநகர எல்லைக்குள் கூட்டம், ஊர்வலம் எதற்கும் நிகழ்வுக்கு ஐந்து நாள் முன்பாவது காவல் துறையிடம் விண்ணப்பிக்க வேண்டும். அது குறைந்தபட்சம். நடைமுறையில் பதினைந்து நாள் வையுங்கள். காவல் ஆணையர் அலுவலகத்தில் கொடுத்தால், அது உதவி ஆணையருக்கு வந்து, அங்கிருந்து உள்ளூர் ஆய்வாளருக்கு அறிக்கை கேட்டு வந்து, அதே வழியில் திரும்பிப் போக வேண்டும். ஆணையர் அலுவலகத்தில் கொடுக்கும் அன்றே அதன் நகலை ஆய்வாளரிடமும் கொடுத்துவிட்டால் நான்கைந்து நாள் மிச்சம். மனுவுக்குக் கட்டணம் எதுவும் கட்டவில்லை.

எங்கள் முதல் மனு மூன்று பக்கம். இலட்சிய சமூகம், ஜனநாயகம், மக்களின் கற்பனை என்றெல்லாம் எழுதியிருந்தோம். மேசையில் இருந்தவர் முதல் பத்தியிலேயே நிறுத்திவிட்டு, "எத்தனை பேரு வருவாங்க?" என்றார். அந்த எண் மூன்று பக்கத்தில் எங்குமே இல்லை. இரண்டாவது மனு அரைப் பக்கம். அதன் உடல் இப்படி இருந்தது:

"பொருள்: கலை நிகழ்வு நடத்த அனுமதி வேண்டுதல் தொடர்பாக. நாங்கள் ஐந்து கலைஞர்கள். மேற்கண்ட இடத்தில், மேற்கண்ட தேதியில், மாலை 4.45 மணி முதல் 5.35 மணி வரை, 'ஒரு நிமிட ஊர்' என்ற நிகழ்த்துகலை நிகழ்வை நடத்த விரும்புகிறோம். பொதுமக்கள் ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் ஊருக்கான ஒரு விருப்பத்தைச் சொல்வார்கள், கலைஞர்கள் அதை நடித்துக் காட்டுவார்கள். ஒரே நேரத்தில் சுமார் 60 பேர் கூடலாம். மேடை, பந்தல், கொடி, பதாகை, தீ, கோஷம் இல்லை. ஊர்வலம் இல்லை. எந்தக் கட்சியுடனும் அமைப்புடனும் தொடர்பு இல்லை. பேட்டரியில் இயங்கும் சிறிய ஒலிப்பெட்டி ஒன்று மட்டும் பயன்படுத்தப்படும். நிகழ்வு முடிந்ததும் இடத்தைச் சுத்தம் செய்து தருகிறோம்."

இல்லாதவற்றின் பட்டியல்தான் இதில் உயிர். எது இருக்கும் என்பதைவிட எது இருக்காது என்பதைத்தான் படிக்கிறவர் தேடுகிறார்.

இணைக்க வேண்டியவை: அமைப்பாளர் இருவரின் ஆதார் நகல், கைபேசி எண்கள், கலைஞர்களின் பெயர்ப் பட்டியல், இடத்துக்கு உரியவரின் அனுமதிக் கடிதம் அல்லது ரசீது, இடத்தின் கைவரைபடம். வட்டம் எங்கே, மக்கள் எங்கே நிற்பார்கள், நடைபாதை எவ்வளவு அகலம் திறந்திருக்கும் என்று அடிக்கணக்கில் குறித்து நாங்கள் வரைந்த படத்தைத்தான் ஆய்வாளர் அதிக நேரம் பார்த்தார். எல்லாவற்றிலும் நான்கு நகல் எடுங்கள்.

மிக முக்கியமானது: உங்கள் நகலில் தேதியுடன் அலுவலக சீல், கையொப்பம் வாங்காமல் வெளியே வராதீர்கள். "வெச்சுட்டுப் போங்க, பாத்துக்கலாம்" என்று அன்பாகத்தான் சொல்வார்கள். எங்கள் முதல் மனு அப்படி வைத்துவிட்டு வந்ததுதான். ஒன்பது நாள் கழித்துப் போனால் அப்படி ஒரு தாளே இல்லை. சீல் போட மறுத்தால் அதே மனுவை ஒப்புகையுடன் விரைவுத் தபாலில் அனுப்பி அந்த ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

5. காவல் நிலையத்தில் கேட்பவை

ஆய்வாளர் ஒரு முறை நேரில் கூப்பிடுவார். இரண்டு பேர் போங்கள், கூட்டமாகப் போகாதீர்கள். அப்புறம் காவல் துறையின் உளவுப் பிரிவான ஸ்பெஷல் பிராஞ்சிலிருந்து ஒருவர் கைபேசியில் அழைப்பார் அல்லது சாதாரண உடையில் வந்து பேசுவார். பயப்பட வேண்டாம், அது அவர் வேலை. எந்த அமைப்பு, யார் பணம் கொடுக்கிறார்கள், முன்பு எங்கே செய்தீர்கள் என்று கேட்பார். உள்ளதைச் சொல்லுங்கள். ஐந்து பேரிடமும் தனித்தனியாகக் கேட்டால் ஐந்து பேரும் ஒரே பதிலைச் சொல்லும்படி உங்களுக்குள் முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

"அரசியல் பேசுவீங்களா?" என்ற கேள்வி வரும். இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். தண்ணீரும் சாலையும் ஆஸ்பத்திரியும் அரசியல்தான். நாங்கள் சொன்னது: "கட்சி அரசியல் இல்லைங்க சார். மக்கள் ஊருக்கு என்ன வேணும்னு சொல்லுவாங்க. யார் பேரையும் நாங்க சொல்ல மாட்டோம்." ஏறுகிறவர் ஒரு தலைவரைத் திட்டிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்கு நாங்கள் ஒரு விதி வைத்திருந்தோம்: ஆணை எதிர்காலத்தைப் பற்றியதாக இருக்க வேண்டும், "இனிமேல்" என்ற சொல்லில்தான் தொடங்க வேண்டும். அதைக் கேட்டதும் அவர் முகம் தளர்ந்தது. அந்த விதி நிகழ்வுக்கும் நல்லதாக அமைந்தது.

நாடகப் பிரதியைக் கொடுங்கள் என்று சில இடங்களில் கேட்பார்கள். பிரதியை முன்கூட்டிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இப்போது சட்டத்தில் இல்லை. 1954-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு நாடக நிகழ்ச்சிகள் சட்டத்தின் முக்கியப் பிரிவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் 2013-இல் ரத்து செய்தது. வழக்குத் தொடுத்தவர் பரீக்ஷா நாடகக் குழுவை நடத்திய எழுத்தாளர் ஞாநி. 1876-ஆம் ஆண்டின் பிரிட்டிஷ் காலச் சட்டமும் நீக்கப்பட்டுவிட்டது. இதை வாதமாக வைக்காதீர்கள், தகவலாகச் சொல்லுங்கள். கூடவே ஒரு பக்கச் சுருக்கத்தை நீங்களாகவே கொடுங்கள். எங்களுக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டாலே பல நேரம் "தேதியை மாத்திக்கோங்க" என்று பேச்சு இறங்கிவரும். அப்படியும் இல்லையென்றால் உயர் நீதிமன்றம்தான். சேலம் மாவட்டத்துக்குச் சென்னை அமர்வு, மதுரை இல்லை. பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவைக் கேளுங்கள். தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நிலைமையைக் கேட்கலாம், ஆனால் பதிலுக்கு முப்பது நாள் ஆகும். அதற்குள் உங்கள் தேதி போயிருக்கும்.

6. பொருள்களிலும் உடையிலும் உள்ள கண்ணிகள்

இலட்சிய நாடு என்றதும் எல்லோருக்கும் தோன்றும் முதல் யோசனை, அந்த நாட்டுக்கு ரூபாய் நோட்டு அச்சடிப்பது. வேண்டவே வேண்டாம். உண்மையான நோட்டைப் போலத் தோன்றும் எதையும் அச்சிடுவது குற்றம், விளையாட்டுக்கு என்றாலும். பணம் வேண்டுமென்றால் புளியங்கொட்டையையோ மாவிலையையோ பணமாக்குங்கள். அது அச்சடித்த தாளைவிட அழகாகவும் இருக்கும்.

இரண்டாவது யோசனை கடவுச்சீட்டு. அசோகச் சிங்கச் சின்னம் அதில் இருக்கக் கூடாது. தேசியக் கொடியை உடையாகவோ விரிப்பாகவோ பயன்படுத்தக் கூடாது, 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனை உண்டு. தெருவில் காக்கிச் சீருடை போட்டு நிற்பதும் ஆபத்து. உண்மையான போலீஸ் என்று யாராவது நம்பிவிட்டால் அது தனி வழக்கு. சினிமாப் பாட்டு ஒலிபரப்பினால் உரிமத் தொகை கேட்கலாம். பறை வைத்துக்கொள்ளுங்கள், பறை அடிப்பவருக்கு முழுக் கூலி கொடுங்கள்.

7. மலைக்குப் போவதென்றால்

எங்களுக்கு அடுத்த பெரிய அடி இங்கே விழுந்தது. சேலத்தில் வாங்கிய அனுமதியோடு ஏற்காடு போகலாம் என்று நினைத்துவிட்டோம். ஏற்காடு மாநகரக் காவல் ஆணையரின் எல்லை இல்லை, மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் எல்லை. எல்லாம் முதலிலிருந்து. ஏற்காடு காவல் நிலையத்தில் தனி மனு, கண்காணிப்பாளர் அலுவலகத்தில் தனி மனு.

இடமும் அப்படித்தான். ஏரியில் படகு இல்லம் சுற்றுலா வளர்ச்சிக் கழகத்துடையது, அண்ணா பூங்கா தோட்டக்கலைத் துறையுடையது, மரங்களுக்கு உள்ளே நடந்தால் காப்புக்காடு, வனத்துறை அனுமதி இல்லாமல் நுழைவதே குற்றம். காபித் தோட்டத்துக்குள் என்றால் உரிமையாளரின் கடிதம் வேண்டும். என் கருத்து: சுற்றுலாப் பயணிகள் நிற்கும் இடத்தில் செய்யவே செய்யாதீர்கள். அவர்கள் கைபேசியில் படம் எடுத்துவிட்டு ஏரிக்குப் போய்விடுவார்கள். மலைக்கிராமத்தில் செய்யுங்கள். ஆனால் அழைப்பில்லாமல் போகாதீர்கள். சேர்வராயன் மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்களுக்குத் தங்கள் ஊருக்குள் யார், எதற்கு வருகிறார்கள் என்று கேட்கும் உரிமை இருக்கிறது. ஊர்ப் பெரியவர்களையும் ஊராட்சித் தலைவரையும் ஒரு மாதம் முன்பே போய்ப் பாருங்கள். இரண்டாவது முறை போகும்போதுதான் பேச்சு வரும். நாங்கள் மூன்று முறை போனோம். மூன்றாவது முறை அவர்களே, "முக்காலிய கோயில் முன்னாடி போடாதீங்க, களத்துல போடுங்க" என்று இடம் காட்டினார்கள். காபி காயவைக்கும் களம். அதைவிட நல்ல மேடை எனக்கு இனிமேல் கிடைக்காது.

கிராமசபை நடக்கும் நாள்களைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அந்த நாளில் நிகழ்வு வைக்காதீர்கள், உண்மையான சபைக்குப் போட்டியாக நிற்பது சரியில்லை. அதற்கு ஒரு மாதம் முன்பு வையுங்கள். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மே மாதம் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும். சாலை நெரிசலும், ஒருவழிப் போக்குவரத்து ஏற்பாடும் இருக்கும், அறை கிடைக்காது. அக்டோபர், நவம்பரில் மழையும் மூடுபனியும். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பழக்கமில்லாத கலைஞர்கள் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு ஏறினால் அன்றைக்கு வேலைக்கு ஆக மாட்டார்கள். எங்களில் ஒருவர் வந்து சேர்ந்ததும் ஒன்றரை மணி நேரம் படுத்தே கிடந்தார். இட்லி இரண்டோடு நிறுத்திக்கொண்டு, நிகழ்வுக்கு மூன்று மணி நேரம் முன்பே மேலே போய்விடுங்கள். பொருள் மூட்டையைத் திறந்துபோட்டுவிட்டுப் போகாதீர்கள், குரங்குகள் பிரித்துவிடும். இருட்டுவதற்குள் முடித்துவிடுங்கள். தோட்டங்களுக்குள் காட்டெருமை நடமாட்டம் உண்டு.

8. செலவு

இது எங்கள் கணக்கு, நோட்டில் எழுதி வைத்ததிலிருந்து. சேலத்தில்: காடாத் துணி இருபது மீட்டர் 1,400 ரூபாய், முக்காலிக்குத் தச்சர் கூலியோடு 900, ஒலிப்பெட்டி வாடகை 800, பேனா, சுண்ணாம்புக் கட்டி, அடையாள அட்டை 350, நகல், புகைப்படம் 260, சாப்பாடு, டீ 1,150, ஆட்டோ 600. கலைஞர்கள் ஐந்து பேருக்குத் தலா 1,000. ஆக மொத்தம் 10,460. ஏற்காட்டில்: வேன் ஏறி இறங்க 4,500, சாப்பாடு 1,400, புதுத் துணி 1,400, தார்ப்பாயும் மழைக்கோட்டும் 700, கலைஞர்களுக்கு அதே 5,000. மொத்தம் 13,000. ஒலிப்பெட்டியை மலைக்குக் கொண்டுபோகவே இல்லை. ரத்தான தேதிக்குக் கொடுத்த முன்பணம் இந்தக் கணக்கில் சேரவில்லை.

கலைஞர்களுக்குப் பணம் கொடுப்பதை வெட்டாதீர்கள். சமத்துவ உலகத்தைக் காட்டும் நிகழ்வில் கூலியில்லாமல் வேலை வாங்குவது எனக்கு ஒப்பவில்லை. பணம் போதவில்லையென்றால் ஐந்து பேரை நான்கு பேராக்குங்கள். கட்சியிடமோ, தேர்தலில் நிற்கப்போகிறவரிடமோ வாங்காதீர்கள். "எந்தக் கட்சியுடனும் தொடர்பு இல்லை" என்று மனுவில் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்.

9. அன்றைய நாள்

அனுமதிக் கடிதத்தின் நகலை ஆளுக்கு ஒன்று சட்டைப்பையில் வைத்திருங்கள். மாலை ஷிப்டுக்குப் புதிதாக வரும் காவலருக்கு எதுவும் தெரியாது, ஒவ்வொருவருக்கும் காட்ட வேண்டியிருக்கும். காவலர்களிடம் பேச ஒருவரை மட்டும் நியமியுங்கள். அவர் நிகழ்வில் பங்கெடுக்கக் கூடாது. எங்களுக்கு ஒரு நண்பர் ஆறாவது ஆளாக நின்றார். தண்ணீர் கேன், முதலுதவிப் பெட்டி, குப்பைக்குச் சாக்குப் பை. குழந்தைகள் ஏற வந்தால் பெற்றோர் பக்கத்தில் இருக்கட்டும். முகம் தெரியப் படம் எடுப்பதற்கு முன் கேளுங்கள். வேண்டாம் என்றால் கையை மட்டும், காலை மட்டும் எடுங்கள்.

முதல் பத்து நிமிடம் யாரும் ஏற மாட்டார்கள். இதற்குத் தயாராக இருங்கள். நம் ஆளையே ஏற்றிவிடலாம் என்று கை துடிக்கும். செய்யாதீர்கள். மக்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், அப்புறம் எல்லாம் நாடகமாகிவிடும். காலி முக்காலியைச் சுற்றி அமைதியாக நில்லுங்கள். கோட்டை மைதானத்தில் பதினொரு நிமிடம் நின்றோம்.

முதலில் ஏறியது செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுப் பட்டறையில் வேலை செய்யும் பெண். விரல் நுனியெல்லாம் கறுத்திருந்தது. ஏறி நின்று நாற்பது விநாடி ஒன்றுமே பேசவில்லை. நேரம் பார்க்கிறவர் என்னைப் பார்த்தார், நான் தலையாட்டவில்லை. அப்புறம் அந்தப் பெண் சொன்னார்: "இனிமேல் எங்க தெருவுக்குத் தண்ணி என்னிக்கு, எத்தனை மணிக்கு வரும்னு மொத நாளே சொல்லிடணும்." அவ்வளவுதான். இறங்கிவிட்டார்.

நாங்கள் பெரிய பெரிய ஆணைகளுக்கு ஒத்திகை பார்த்திருந்தோம். போரில்லாத உலகம், காசில்லாத உலகம். இதற்கு எங்களிடம் அசைவே இல்லை. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருத்தி தரையில் படுத்து, கையைத் தலைக்கு வைத்து, தூங்கினாள். அடுத்தவரும் படுத்தார், மூன்றாமவரும். அந்த ஒரு நிமிடமும் நிம்மதியாகத் தூங்கினார்கள். தண்ணீர் எப்போது வரும் என்று தெரிந்த ஊரில் நள்ளிரவில் குழாயடியில் விழித்திருக்க வேண்டியதில்லை. கூட்டத்தில் பெண்கள்தான் முதலில் புரிந்துகொண்டார்கள். அதற்குப் பிறகு முக்காலி காலியாகவே இல்லை. பதினெட்டுப் பேர் ஏறினார்கள், கடைசியில் வரிசையில் நின்ற ஏழு பேருக்கு இல்லையென்று சொல்ல வேண்டிவந்தது.

5.35 என்று எழுதிக் கொடுத்தால் 5.35-க்கு முடியுங்கள். வரிசை நின்றாலும் முடியுங்கள். அடுத்த முறை அனுமதி கிடைப்பது அந்த ஒரு நிமிடத்தில் இருக்கிறது. ஏற முடியாதவர்களிடம் ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் ஒரு பாட்டி ஏறினார். முக்காலி உயரமாக இருந்தது, பேரன் பிடித்துக்கொண்டான். "இனிமேல் ராத்திரியில வலி வந்தா, கீழ கொண்டுபோகாம இங்கயே புள்ள பொறக்கணும்" என்றார். அன்றைக்கு எங்கள் கலைஞர்கள் அசையவில்லை. களத்தில் உட்கார்ந்திருந்த பெண்களே எழுந்து வந்து பாட்டியைச் சுற்றி நின்றுகொண்டார்கள். முக்காலியை உயரம் குறைவாகச் செய்யுங்கள், ஒன்றேகால் அடி போதும்.

10. முடிந்த பிறகு

அன்றே இடத்தைக் கூட்டிப் பெருக்கி, சுண்ணாம்பு வட்டத்தைத் தண்ணீர் ஊற்றி அழித்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். மறுநாள் ஆய்வாளருக்கும் இடம் கொடுத்த அலுவலகத்துக்கும் நன்றிக் கடிதம் எழுதுங்கள், அந்தப் படத்தை இணைத்து. அதன் நகலிலும் சீல் வாங்குங்கள். அடுத்த மனுவில் இணைக்க வேண்டிய முதல் தாள் அதுதான்.

துணியில் உள்ள ஆணைகளை அப்படியே, திருத்தாமல், தட்டச்சு செய்யுங்கள். சேலத்தில் என்றால் அந்தந்த வார்டு உறுப்பினரிடமும் மண்டல அலுவலகத்திலும் மனுவாகக் கொடுங்கள். கிராமத்தில் என்றால் கிராமசபைக்குக் குறைந்தது இரண்டு வாரம் முன்பே ஊராட்சித் தலைவரிடம் கொடுத்துப் பொருள் பட்டியலில் சேர்க்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் இடைவெளி வையுங்கள் என்று சொன்னது இதற்குத்தான். மனுவில் கையெழுத்துப் போட வேண்டியவர்கள் அந்த ஊர் வாக்காளர்கள், நீங்கள் இல்லை. சபையில் பேச வேண்டியவர்களும் அவர்களே. நீங்கள் போனால் பின்னால் உட்காருங்கள்.

துணியை அலுவலகத்தில் கொடுத்துவிடாதீர்கள், திரும்பி வராது. படம் எடுத்து அச்சுப் பிரதியைக் கொடுங்கள். அசல் அந்த ஊரில் இருக்கட்டும். ஏற்காட்டுத் துணி அந்தப் பாட்டி வீட்டு மரப்பெட்டியில் இருக்கிறது. போன மாதம் போனபோது வெளியே எடுத்து உதறிக் காட்டினார். ஓரத்தில் பூஞ்சை ஏறத் தொடங்கியிருந்தது. மலையில் ஈரம் அதிகம். வெயிலில் காயவைத்து, காய்ந்த வேப்பிலை போட்டு மடித்து வைத்துவிட்டு வந்தோம்.